இரண்டு பேருக்குச் சேர்த்த ஹஜ்ஜுக் காசு

சாய்ந்தமருது,
2025 ஒக்டோபர், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மிஹ்லாருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றி எழுதினால் நீ ரியாதில் வேலைக்குப் போகாமல் அறையில் படுத்துக்கிடப்பாய், அதனால் உடம்பளவில் நிறுத்திக்கொள்கிறேன். உன் சுகத்துக்கு ஐந்து வக்தும் துஆ கேட்கிறேன். அங்கே வெயில் இறங்கிவிட்டதா, இருமல் நின்றதா, முன்பு சொன்ன அந்த அறையை மாற்றிவிட்டாயா என்று ஒன்றும் தெரியவில்லை. போனில் கேட்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நீ முதலில் கேட்பது "உம்மா, வாப்பாக்கு என்னதான் நடந்த?" என்றுதான். நானும் "மறுகா சொல்றன் மகன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அப்படி எத்தனை தரம் வைத்துவிட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லத் தொடங்கினால் உன் பக்கம் சத்தமில்லாமல் போய்விடுகிறது, அதை என்னால் தாங்க ஏலாது. பக்கத்து வீட்டு முஸ்தாக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ரியாதுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கருவாடும் மிளகாய்த்தூளும் தருகிறேன், கருவாட்டை மூன்று பொலித்தீன் பையில் சுற்றியிருக்கிறேன், முஸ்தாக்கின் உடுப்பில் மணம் ஏறினால் அவன் என்னைத்தான் ஏசுவான்.

வாப்பா மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் ஆகவில்லை, நான் இன்னும் இத்தாவில்தான் இருக்கிறேன். வெளியே போவதில்லை, பஸ்மினா வீட்டின் பின்னறையில் எனக்குத் தனியாக இடம் ஒழுங்கு பண்ணித் தந்திருக்கிறாள். உன் தங்கச்சி நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். மருமகன் முர்ஷித் கந்தோர் விட்டு வந்தால் முதலில் என்னிடம் வந்து "மாமி, சாப்பிட்டதா" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறார். உன் பெண்சாதி நதீரா வெள்ளிக்கு வெள்ளி நிந்தவூரிலிருந்து பிள்ளைகளோடு வந்துவிடுகிறாள். உன் சின்ன மகள் வந்த உடனே வாசலில் செருப்பைப் பார்க்கிறாள், மூத்தாப்பாவின் செருப்பு இல்லை என்றால் உன் வாப்பா லொறி ஓட்டப் போயிருக்கிறார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. யாரும் திருத்தவில்லை. ஆடுகளை விற்றுவிட்டேன், தண்ணி வைக்க வெளியே போக ஏலாது, பஸ்மினாவுக்கு ஆடு என்றால் பயம். நீ நதீராவுக்கு அனுப்புகிற காசு ஒழுங்காக வருகிறது, அவளும் ஒழுங்காகத்தான் செலவு செய்கிறாள், அதில் உனக்கு ஒரு கவலையும் வேண்டாம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வாப்பாவுக்கு நடந்தது ஒரு நாளில் நடந்ததில்லை மகன், அது எங்கள் ஹஜ்ஜுக் காசில் தொடங்கியது. அதனால் முதலிலிருந்து சொல்லவேண்டும், சில விசயம் உனக்குத் தெரியும், தெரிந்ததையும் வாசி.

வாப்பா பஸ் டிப்போவில் பென்சன் எடுத்தபோது கிடைத்த காசில் ஒரு பங்கும், நான் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் குர்பானுக்கு ஆடு விற்ற காசும் சேர்த்து வங்கியில் ஹஜ்ஜுக் கணக்கில் போட்டு வந்தோம். வட்டியில்லாத கணக்குத்தான் வேண்டும் என்று தேடிப்போய்த் திறந்தார். கொரோனா வந்த வருஷம் அந்தக் காசு சரியாக இரண்டு பேருக்கு வந்து நின்றது. பேர் கொடுத்தோம், பாஸ்போட் எடுத்தோம், உன் வாப்பா ஹஜ்ஜு வகுப்புக்குப் போய் வந்து எனக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுத்தார். அந்த வருஷம் வெளிநாட்டு ஹாஜிகள் வர ஏலாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் அதே. வாப்பா கவலைப்பட்டாலும் பதறவில்லை. "சல்லி பத்திரமாக் கிடக்கு புள்ள, அல்லாஹ் கூப்பிடக்குள்ள போவம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வங்கியில் கிடக்கிற காசை யாரும் வந்து எடுக்கவில்லையே, பூட்டை உடைக்கவில்லையே.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது, ரூபாவின் பெறுமதி விழுந்தது. அந்த வருஷத்தை நீ போனில்தான் கேட்டாய், நாங்கள் அதற்குள் கிடந்தோம். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. காஸ் சிலிண்டருக்கு ஆட்கள் ரோட்டில் பாய் போட்டுப் படுத்தார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில் ஏறிக் கிடந்தன. பசளை இல்லாமல் வேளாண்மை பாதியும் பதராகப் போனது. நீ அனுப்புகிற ரியாலுக்கு இங்கே இரட்டிப்பு ரூபா கிடைத்தது என்று முதலில் சந்தோஷப்பட்டோம், கடைக்குப் போனால் அந்த இரட்டிப்பும் பழைய சாமானைத்தான் தந்தது. அந்த நாட்களில்தான் ஹஜ்ஜுக்கு என்ன செலவாகும் என்று வாப்பா விசாரித்து வந்தார். வந்து கதிரையில் இருந்தவர் சேர்ட் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன், ஆறிப்போனது. "நம்மட சல்லி இனி ஒராளுக்கும் காணாது போல" என்றார். ஒரு சதம் குறையவில்லை மகன். கணக்கில் இருந்த இலக்கம் அப்படியே இருந்தது, லாபம் என்று கொஞ்சம் ஏறியும் இருந்தது. அதுதான் எனக்கு விளங்கவேயில்லை. களவு போனால் கள்ளனை ஏசலாம். இதில் யாரை ஏசுவது?

பள்ளிவாசல் முன்னால் அந்த நாட்களில் இதே கதைதான். ஒருவர் காணி வாங்கு என்பார், ஒருவர் தங்கம் என்பார், ஒருவர் டொலரைத் தேடி வாங்கி வீட்டில் வை என்பார், ஒருவர் சீமெந்து வாங்கி அடுக்கு என்பார். வாப்பாவுடைய கூட்டாளி அதாவுல்லாவை உனக்குத் தெரியும்தானே, அக்கரைப்பற்றில் மொத்தக் கடை வைத்திருக்கிறவர், சின்ன வயதிலிருந்து இவருடைய தோளில் கை போட்டுத் திரிந்தவர். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து "மச்சான், வங்கில போட்ட சல்லி நாளுக்கு நாள் கரையுது. எடுத்து என்னோட போடு. நான் பருப்பும் சீனியும் பால்மாப் பெட்டியும் எடுத்து வைக்கிறன். மூணு மாசத்தில ரெண்டு மடங்காத் தாறன், நீயும் மச்சியும் அடுத்த வருஷம் என்னோட ஹஜ்ஜுக்கு வாங்க. இது யாவாரம்தானே, வட்டியா?" என்றார். எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வாப்பாவும் யோசித்தார். அடுத்த நாள் அவரோடு பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போனார்.

போனவர் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். அதாவுல்லா கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரைத் திறந்து காட்டினாராம், சாமான் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றதாம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முன்பக்கம் ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்து மாப்பெட்டி கேட்டிருக்கிறாள், கடையில் நின்றவர் "இல்ல உம்மா, முடிஞ்சி" என்று அனுப்பியிருக்கிறார். வாப்பாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான் இருந்ததாம். இதை எனக்குச் சொல்லிவிட்டு, "அந்தச் சல்லியில இஹ்ராம் உடுப்பு எப்படி புள்ள வாங்கிற?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஊரே செய்யிது, நாம ஒராள் செய்யாட்டி அந்தப் புள்ளைக்குப் பால் கிடைச்சிருமா" என்று கேட்டேன். "கிடைக்காது" என்றார். கோபத்தில் நான் அவரோடு கதைக்காமல் இருந்தேன், அடுத்த நாள் அவரே பகல் சாப்பாட்டுக்கு மீன் வெட்டிக் கழுவித் தந்தார், பிறகு எப்படிக் கதைக்காமல் இருக்கிறது.

அந்தக் கிழமையே வங்கியில் இருந்த காசு முழுவதையும் எடுத்துத் தங்கம் வாங்கினோம். நகையாக வாங்கினால் செய்கூலி போய்விடும் என்று வெறும் பவுண் காசாகவே கேட்டு வாங்கினார். கல்முனை பசாரில் நகைக்கடைக்கு முன்னால் எங்களைப் போல எத்தனை பேர், எல்லோர் கையிலும் ஒரு பை, ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கி வந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். விலை உச்சத்தில் நின்ற நேரம் வாங்கிவிட்டோம் என்று முர்ஷித் பிறகு சொன்னார், கொஞ்ச மாதம் இறங்கவும் இறங்கியது. ஆனாலும் இனிமேல் கரையாது என்று ஒரு ஆறுதல். நீ அப்போது போன் எடுத்து "வாப்பா, மிச்சத்த நான் தாறன், ரெண்டு பேரும் போங்க" என்றாய். அதற்கு அவர் வேண்டாம் என்றது உனக்குத் தெரியும், போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "புள்ளட காசில போனாலும் ஹஜ் செல்லும் புள்ள. ஆனா அவன் தங்கச்சிட ஊடு கட்டி முடிக்கும் வரைக்கும் நல்ல சப்பாத்து ஒண்டு வாங்கல்ல. சீமெந்து விலை ஏறினதும் அவன்ட தலையிலதான் விழுந்த. அந்தத் தோள்ல இன்னொரு மூட்டய வைக்க என்னால ஏலா" என்றார். "நான் வற்புறுத்தியிருந்தால் வாப்பா லொறி ஓட்டியிருக்க மாட்டார்" என்று நீ மனதில் போட்டு உருட்டுகிறாய் என்று நதீரா சொன்னாள். மகன், நீ வற்புறுத்தித்தான் பார்த்தாய். அவர் அந்த ஒரு விசயத்தில் யாருக்கும் அசையவில்லை. நானும் சொன்னேன், ஒராளுக்குச் சேர்ந்ததும் நீங்கள் முதலில் போய் வாங்க, கடமை உங்களுக்கு, நான் பிறகு பார்க்கலாம் என்று. "நீ வளத்த ஆட்டில வந்த சல்லியில நான் மட்டும் போய் கஃபாவ என்னண்டு பாக்கிற" என்று அதையும் தட்டிவிட்டார்.

அடுத்த வருஷம் அதாவுல்லா பெண்சாதியோடு ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். ஊரே போய் ஸலாம் சொன்னது. வாப்பாவும் வெள்ளைச் சட்டை போட்டு, அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்று, ஹாஜியின் கையைப் பிடித்து தனக்கும் எனக்கும் துஆ கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். ஹாஜி மக்காவிலிருந்து கொண்டுவந்து தந்த ஸம்ஸம் தண்ணியைப் போத்தலோடு கொண்டு வந்தார். நான் அதை வாங்கவில்லை. வாப்பா கிப்லாவைப் பார்த்து நின்று குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டி, "அவன்ட கணக்கு அவனுக்கு. தண்ணி அல்லாஹ்ட தண்ணி, குடி" என்றார். குடித்தேன். அவர் அதாவுல்லாவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நீயும் அவரை வெறுக்காதே, அவர் நோன்பு மாதத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பை எரித்தவர் என்பதையும் நான் எழுதாமல் விட்டால் அது அநியாயம்.

பிறகுதான் லொறி. மாளிகைக்காட்டு ஹிஷாமிடம் மீன் லொறி ஒன்று இருக்கிறது, ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றி அம்பாறைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவனுடைய றைவர் கட்டாருக்குப் போய்விட, ஒரு வயதான ஆள் இருந்தாலும் பரவாயில்லை, வேகமாக ஓட்டாத ஆள்தான் வேண்டும் என்று கேட்டு வந்தான். நான் வேண்டாம் என்றேன், பஸ்மினா அழுதாள். "கொழும்புக்குப் பஸ் ஓடினவனுக்கு அம்பாறை என்ன தூரமா" என்று வாப்பா சிரித்தார். ஓட்டிய காசில் வீட்டுக்கு ஒரு சதம் எடுக்கவில்லை. கொஞ்சம் சேர்ந்தவுடன் பசாருக்குப் போய் அரைப் பவுணோ கால் பவுணோ வாங்கி வருவார். நான் அலுமாரியைத் திறந்து கொடுப்பேன், அவர் உள்ளே வைத்துவிட்டு "இப்ப உன்ட ஒரு கால் மக்காவுக்குப் போயிட்டு" என்று பகிடி விடுவார். என் கால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அவருக்கு மூச்சு வாங்குவதை நான் பார்த்தேன். டொக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை தந்து, பாரம் தூக்கவேண்டாம் என்றார்கள். "நான் தூக்கிறதில்ல, லொறிதான் தூக்கிது" என்றார் டொக்டரிடமே.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு, முதல் நாள் மீன் ஆணத்தைச் சுடவைத்து ரொட்டியோடு சாப்பிட்டார். நன்றாகத்தான் சாப்பிட்டார், அதை நீ கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும், பசியோடு போகவில்லை. ஒலுவிலில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் வழியில், அட்டப்பள்ளம் தாண்டி, நடந்தது. ஹிஷாம் பக்கத்தில்தான் இருந்தான், அவன் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, கொஞ்சம் ஓரங்கட்டுறன் எண்டார் மாமி. சிக்னல் போட்டார். பின்னால வந்த பஸ்ஸுக்குக் கையக் காட்டி இடம் குடுத்தார். மணல்ல இறக்கி நிப்பாட்டி, கைப் பிறேக்க இழுத்து, எஞ்சின நூத்தார். தண்ணி தா எண்டார். நான் போத்தல எடுத்துத் திரும்பக்குள்ள ஸ்டேரிங்கில தலய வச்சிட்டார். கலிமா சொன்னத நான் காதால கேட்டன் மாமி, அல்லாஹ் மேல ஆணை." ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறபோது மூச்சு இருந்ததா இல்லையா என்று அவனுக்கும் தெரியவில்லை. அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன், அந்த நெஞ்சு நோவிலும் அவர் றோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழ விடவில்லை. நான் எல்லோரும் தூங்கிய பிறகு இதைத்தான் நினைத்துக்கொள்வேன், நீயும் இதைத்தான் நினைக்கவேண்டும்.

அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். நீ ரிக்கட் கிடைக்கவில்லை என்று விமான நிலையத்தில் அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும், ஆனாலும் மையித்தை வைத்துக்கொண்டிருக்க ஏலாதுதானே. முர்ஷித் போனில் உனக்குக் காட்டப் பார்த்தார், படம் நின்று நின்று போனது. அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். முகம் தெளிவாக இருந்தது. நெற்றியில் ஸ்டேரிங் பட்டு ஒரு சின்னச் சிவப்பு, வேறு ஒன்றுமில்லை. குளிப்பாட்டியவர்களில் டிப்போவில் இவரோடு வேலை செய்த இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளிவாசல் நிறைந்து வெளியே மணலிலும் வரிசையாகச் சப்பு நின்றதாம். கபுறு கடற்கரைப் பக்கம், தலைமாட்டில் ஒரு பூவரசு நட்டிருக்கிறார்கள், அது துளிர்த்துவிட்டது என்று முர்ஷித் சொன்னார். இத்தா முடிந்து என்னை அங்கே கூட்டிப்போக முன் நீ வந்தால் நீ முதலில் போய்ப் பார்.

மூன்றாம் நாள் அதாவுல்லா வந்தார். நான் இத்தாவில் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கதைத்தார், இந்தப் பக்கம் நானும் என் தம்பி பஹ்மியும். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மச்சி, அவன் என்னோட வராத பயணத்த நான் போய் வந்தன். ஹஜ்ஜில அரபாவில நிக்கக்குள்ள, அண்டைக்கு அவன் பாத்துக்கொண்டு நிண்ட அந்தப் பலகைக் கதவுதான் எனக்கு முன்னால நிண்ட. குறையிற சல்லிய நான் போடுறன், நீங்க ஹஜ்ஜுக்குப் போங்க" என்றார். எனக்கு அவர்மீது இருந்த கோபம் அந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் வாங்க மனம் வரவில்லை. "அவர் வேணாமெண்ட சல்லி எனக்கும் வேணாம், ஆனா உங்கள அவர் கடைசிவரைக்கும் கூட்டாளி எண்டுதான் சொன்ன, அத மட்டும் கொண்டு போங்க" என்று சொன்னேன். அவர் எழும்பிப் போகும்போது செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லையாம், பஹ்மி சொன்னான்.

இதுவரை எழுதியது நடந்து முடிந்தது. இனி எழுதப் போவதைத்தான் நான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். சென்ற கிழமை மஹ்ரிபுக்குப் பிறகு முர்ஷித் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்து, "மாமி, தங்கம் ஏறியிருக்கிற ஏத்தம் தெரியுமா. மாமா வாங்கி வச்சத இப்ப வித்தா ரெண்டு பேருக்குக் காணும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. பஸ்மினா குசினியிலிருந்து வந்து அவரைப் பார்த்த பார்வையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் எழும்பிப் போய் இஷாத் தொழுகைக்கு நின்றேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியாமல் திரும்பத் தொழுதேன். இரண்டு பேருக்கு இருந்த காசு ஒரு ஆளுக்கும் காணாமல் போனபோது இரண்டு பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேருக்குக் காணுகிறது. மகன், அந்தத் தங்கம் இன்னும் இரண்டு மாதம் முந்தி ஏறியிருந்தால் என்று நினைப்பேன், பிறகு அப்படி நினைப்பது அல்லாஹ் விதித்த கத்ரைக் குறை சொல்வது என்று அஸ்தஃபிருல்லாஹ் சொல்வேன், பிறகு திரும்பவும் நினைப்பேன்.

மௌலவியைக் கூப்பிட்டுக் கேட்டோம். வசதி வந்து கடமையான ஒருவர் ஹஜ் செய்யாமல் மௌத்தாகிவிட்டால், அவர் விட்டுப்போனதில் முதலில் அந்தச் செலவை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு வைக்கவேண்டும் என்றார். அவருக்காகச் செய்கிறவர் தன்னுடைய ஹஜ்ஜை முன்பே முடித்தவராக இருக்கவேண்டுமாம். நீ அங்கே போன மூன்றாம் வருஷமே உன் ஹஜ்ஜைச் செய்துவிட்டாய். அதைச் சொன்னதும் "மகனே செய்யிறதவிட என்ன வேணும்" என்று மௌலவி சொன்னார். பஸ்மினாவுக்குச் சம்மதம். அதனால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். வருகிற ஹஜ்ஜுக்கு வாப்பாவுக்காக நீ பதல் ஹஜ் செய்யவேண்டும், அவருடைய தங்கத்தில், உன் காசில் இல்லை. அங்கேயிருந்து போக அனுமதிக்கு இப்போதிருந்தே அலை, கடைசியில் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. பஹ்மி மாமாவும் பெண்சாதியும் இந்த முறை பேர் கொடுத்திருக்கிறார்கள், இத்தா முடிந்துவிடும், அவனோடு நானும் வருகிறேன். ஆட்டுக் காசும் லொறிக் காசும் சேர்ந்த தங்கம் அது, என் பங்கில் நான் வருகிறேன். முதலில் எனக்குப் போகவே மனமில்லை. அவர் இல்லாமல் நான் போய் என்னத்தைப் பார்க்கிறது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ அவருக்காக நிற்கப்போகிறாய் என்று நினைத்தபோதுதான் எனக்கு அந்தப் பயணம் பயணமாகத் தெரிந்தது.

உனக்கு இரண்டு சொல் சொல்லவேண்டும், உம்மாவுக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடாதே. நீ மிச்சம் பிடிக்கிறதை முழுக்க ரூபாவாக்கி இங்கே அடுக்காதே. வீட்டுச் செலவுக்கு வேண்டியது வரட்டும், மிச்சத்தில் கொஞ்சம் ரியாலாகவே கிடக்கட்டும், கொஞ்சம் செய்கூலியில்லாத தங்கமாக இருக்கட்டும், நதீரா பேரில் ஒரு துண்டுக் காணி பார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பத்திரம் என்று படுத்துத் தூங்காதே, நாங்கள் அப்படித்தான் தூங்கினோம். மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த லாபம் யாருடைய சோற்றிலிருந்து வருகிறது என்று கேள். ஆனால் காசைக் காப்பாற்றுவதிலேயே ஆளை மறந்துவிடாதே. நதீராவையும் பிள்ளைகளையும் அங்கே எடுத்து ஒரு உம்ரா செய்விக்கவேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்கிறாய். இருக்கிறதைக் கொண்டு இப்போதே செய். அவள் வாய் திறந்து கேட்கமாட்டாள், என்னைப் போலத்தான்.

அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத்தைத் தரட்டும், உன் பிள்ளைகளை உனக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கட்டும், வாப்பாவுடைய கபுறை விசாலமாக்கட்டும், என்னையும் உன்னையும் அந்த மண்ணில் சேர்த்து நிறுத்தட்டும், ஆமீன். இருமலுக்கு மருந்து எடு. மாதத்தில் ஒரு தரமாவது பஸ்மினாவோடு கதை, அவள் காட்டிக்கொள்ள மாட்டாள், நீ போன் எடுக்காவிட்டால் என்னோடுதான் சண்டை பிடிக்கிறாள்.

கடைசியாக ஒன்று, இதை மறக்கக்கூடாது. பதல் ஹஜ்ஜில் "லப்பைக்" என்று தல்பியா சொல்லத் தொடங்கும்போது யாருக்காகச் செய்கிறோமோ அவருடைய பேரைச் சொல்லவேண்டுமாம். நாற்பத்திரண்டு வருஷம் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்தில் எழுதியதுமில்லை, நீ பிழைவிடாமல் சொல்லவேண்டும் என்பதற்காக இப்போது எழுதுகிறேன்: மீராலெப்பை முகைதீன்பாவா. ஆண்கள் அதை உரத்துச் சொல்லலாம் என்று மௌலவி சொன்னார். நீ உரத்துச் சொல்லு மகன். நான் பக்கத்தில்தான் நிற்பேன், எனக்குக் கேட்கவேண்டும்.

வஸ்ஸலாம்.

உன் துஆவை எதிர்பார்த்திருக்கும்
உம்மா,
ஸீனத்தும்மா.